பெருத்த மண்ணீரலை அகற்றும் சத்திரசிகிச்சை

மண்ணீரல் இடப்பக்க விலா எலும்புகளின் கீழ் அமைந்துள்ளது. பழைய செங்குருதிக் கலங்களை அகற்றுவதும் கிருமிகளை எதிர்ப்பதும் அதன் பணிகளாம். வளர்ந்தோரில் அதன் நிறை ஏறத்தாழ 150 முதல் 200 கிராம் வரையாகும். தலசீமியா, சில குருதிப் புற்றுநோய்கள் முதலியவற்றால் அது ஒரு கிலோகிராமுக்கு மேலாகவும் பெருக்கக்கூடும். அப்போது சிறிது உண்டவுடனேயே வயிறு நிறைந்ததுபோல் இருக்கும். குருதிக் கலங்களும் குறையும்.

மருந்துகள் போதிய பயன் தராதவிடத்து மண்ணீரலை அகற்றுமாறு வைத்தியர்கள் பரிந்துரைக்கலாம். சிறுதுளை முறையில், வயிற்றில் இடப்படும் சில துளைகளின் வழியே கமராவும் கருவிகளும் செலுத்தப்படும். இரத்தக் குழாய்கள் மூடப்பட்டபின், மண்ணீரல் ஒரு பையினுள் இடப்பட்டு, பெரும்பாலும் துண்டுகளாக வெளியே எடுக்கப்படும். உறுப்பு மிகப் பெரிதாயின், கை நுழையுமளவு வெட்டோ திறந்த சத்திரசிகிச்சையோ தேவைப்படலாம்.

காயம் சிறிதாயினும், அவதானம் வாழ்நாள் முழுவதும் வேண்டும். மண்ணீரல் இல்லாதவருக்குக் கிருமித்தொற்று சில மணித்தியாலங்களிலேயே உயிராபத்தாகலாம். ஆகவே:

• நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ் முதலிய தடுப்பூசிகளை, இயன்றவரை சத்திரசிகிச்சைக்கு இரு வாரங்களுக்கு முன்னரே பெறுக.
• காய்ச்சலோ குளிர்நடுக்கமோ கண்டால் விடியும்வரை காத்திராது 116117 இலக்கத்தை அழைக்கவும், உயிராபத்தெனில் 113. மண்ணீரல் இல்லை என்பதை முதலிலேயே கூறுக.
• நாய் கடித்தால் உடனே வைத்தியரை நாடுக.
• இந்தியா போன்ற மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்லுமுன் குடும்ப வைத்தியரிடம் ஆலோசனை பெறுக.

குறொன்லாண்டில் வாழ்வோர் முதலில் தம் குடும்ப வைத்தியரையே அணுகலாம். தேவையெனில் தமிழ் உரைபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. பிள்ளைகளை உரைபெயர்க்க வைத்தல் தகாது.