தூதரகம் இல்லாத நாட்டின் ஷூ கம்பெனி

உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் தோல் அல்லாத காலணிகள் தயாரிக்க, தைவானைச் சேர்ந்த பௌ சென் குழுமம் 2023 ஏப்ரலில் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. முதலீடு 2,302 கோடி ரூபாய். பன்னிரண்டு ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை என்றார்கள். நைக்கி, அடிடாஸ் போன்ற பிராண்டுகளுக்கு ஷூ செய்து கொடுப்பதில் உலகிலேயே பெரிய குழுமம் இது. செய்தி வந்ததும் வேலைக்கு எப்போது ஆள் எடுப்பார்கள், நிலத்தின் விலை எவ்வளவு ஏறும் என்று கேட்பது இயல்பு. ஆனால் இதில் யாரும் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கம்பெனி எந்த நாட்டிலிருந்து வருகிறதோ, அதைத் தனி நாடு என்று இந்திய அரசு இன்றுவரை அங்கீகரித்ததில்லை. டெல்லியில் தைவானுக்குத் தூதரகம் கிடையாது. தைபேயில் நமக்கும் கிடையாது.

இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை எப்படி மாறிவந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள, பிரதமர்களின் மேடைப் பேச்சைவிட இந்தக் கதை உதவும்.

சீன உள்நாட்டுப் போரில் 1949இல் மாவோவின் படை வென்றது. தோற்ற சியாங் காய் ஷேக் தைவான் தீவுக்குப் போய், நான்தான் உண்மையான சீன அரசு என்றார். ஒரே கோயிலின் முதல் மரியாதைக்கு இரண்டு பங்காளிகள் உரிமை கோரினால் ஊர் என்ன செய்யும்? யாராவது ஒருவருக்குத்தான் பரிவட்டம் கட்ட முடியும். அந்த ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி நேருவின் அரசு பெய்ஜிங்கை அங்கீகரித்தது. அன்றிலிருந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் டெல்லியின் கோப்புகளில் தைவானுக்கு இடமே இல்லை. 1962இல் சீனாவோடு போர் நடந்து தோற்ற பிறகும் அந்த நிலை மாறவில்லை என்பதுதான் ஆச்சரியம். இரண்டு வல்லரசு முகாம்களிலும் சேர மாட்டோம் என்ற அணிசேராக் கொள்கையின் காலம் அது. தைவானோ அமெரிக்க முகாமின் செல்லப்பிள்ளை.

மாற்றத்துக்குக் காரணம் பணமுடை. 1991இல் அந்நியச் செலாவணி தீரும் நிலைக்கு வந்து தங்கத்தை அடகு வைத்த நாடு, சோவியத் யூனியனும் கலைந்த பிறகு, புதிய கூட்டாளிகளைத் தேட வேண்டியிருந்தது. பிரதமர் நரசிம்ம ராவ் கிழக்கே பார்த்தார். 1995இல் தைபேயில் ‘இந்தியா–தைபே சங்கம்’ என்ற அலுவலகத்தை இந்தியா திறந்தது. டெல்லியில் ‘தைபே பொருளாதாரப் பண்பாட்டு மையம்’ திறக்கப்பட்டது. பெயர்ப்பலகையைப் பார்த்தால் ஏதோ நாடக சபா என்று நினைக்கத் தோன்றும். ஆனால் விசா தருவது, சான்றிதழ்களுக்கு ஒப்புதல் முத்திரை வைப்பது, வியாபாரிகளைச் சேர்த்து வைப்பது என்று தூதரகம் செய்யும் வேலையில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. 2012இல் சென்னையிலும் தைபே மையத்தின் கிளை வந்தது. ஒரே லாபத்துக்கு இரண்டு இடத்தில் வரி கட்டாமல் இருக்க 2011இல் போட்ட ஒப்பந்தத்திலும், 2018இல் போட்ட முதலீட்டு ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டவை இந்த இரண்டு அலுவலகங்கள்தான். அரசுகளின் பெயரில் கையெழுத்து இல்லை. வேலை மட்டும் நடக்கிறது.

2010இல் இன்னொரு திருப்பம். ஜம்மு காஷ்மீர்க்காரர்களின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தாமல், தனித்தாளில் விசா எழுதிப் பின் அடித்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தது சீனா. காஷ்மீர் உங்களுடையது என்று நாங்கள் ஏற்கவில்லை என்பதே அதன் பொருள். அந்த டிசம்பரில் சீனப் பிரதமர் வென் ஜியாபாவ் டெல்லி வந்தார். தைவானும் சீனாவின் பகுதியே என்று பொருள்படும், கூட்டறிக்கைகளில் வழக்கமாக இடம்பெறும் ‘ஒரே சீனா’ என்ற வாசகம் அந்த முறை இல்லை. இந்தியா கொள்கையை மாற்றியதாக அறிவிக்கவில்லை. திரும்பச் சொல்வதை நிறுத்தியது, அவ்வளவுதான்.

2024இல் தேர்தல் வெற்றிக்குத் தைவான் அதிபர் லாய் சிங் தே வாழ்த்துச் சொல்ல, பிரதமர் மோடி எக்ஸ் தளத்தில் நன்றி சொன்னார், சீனா கண்டித்தது. 2025 ஆகஸ்டில் டெல்லி வந்த சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீயிடம், தைவான் சீனாவின் பகுதி என்று நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சொன்னதாக சீனத் தரப்பு எழுதியது. எங்கள் நிலைப்பாட்டில் மாற்றமில்லை, தைவானோடு பொருளாதார, தொழில்நுட்ப, பண்பாட்டு உறவு தொடரும் என்று இந்தியா விளக்கம் கொடுத்தது.

ரஷ்யாவிடம் எஸ்-400 ஏவுகணை, அமெரிக்காவோடு குவாட், சீனாவோடு ஒரே மேசையில் பிரிக்ஸ் என்று மற்ற இடங்களிலும் இதே போக்குதான். யார் பக்கம் என்று கேட்டால், எந்த விஷயத்தில் என்று திருப்பிக் கேட்கிறது டெல்லி. அணிசேராமையில் பேச்சு அதிகம், வரவு குறைவு. இப்போது பேச்சைக் குறைத்து வரவைப் பார்க்கிறார்கள் என்பது என் கணிப்பு. கொள்கைப் பிடிப்பு போய்விட்டதே என்று வருந்துபவர்களும் உண்டு. பேசாமல் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பதால் அந்த வருத்தத்தை ஒதுக்கிவிட முடியாது.

உளுந்தூர்பேட்டைக்கு உலக அரசியல் புதிதல்ல. இங்கே கிடக்கும் பழைய விமான ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆங்கிலேயர் போட்டது. அன்று தைவான் ஜப்பானின் காலனி, அதாவது எதிரி மண். இன்று முதலீடு வரும் இடம்.

அரசியல் சட்டப்படி வெளியுறவு முழுக்க மத்திய அரசின் கையில். சென்னையிலிருந்து யாரும் தூதர் அனுப்ப முடியாது. ஆனால் நிலம், மின்சாரம், மானியம், ஒற்றைச் சாளர அனுமதி எல்லாம் மாநிலத்தின் பக்கம். 2022இல் காலணி, தோல் பொருட்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது தமிழகம். செய்யாறில் ஃபெங் டே என்ற தைவான் குழுமம் அதற்கு முன்பே காலூன்றியிருந்தது. டெல்லி கதவைத் திறந்து வைக்க, வந்தவர்களை மாநிலம் திண்ணையில் உட்கார வைக்கிறது.

சிக்கல் ஷூவுக்குள்ளேயே இருக்கிறது. மேல்துணி, சோல், ஒட்டும் பசை, தையல் இயந்திரம் என்று இந்தத் தொழிலுக்கு வேண்டியதில் நிறைய சீனாவிலிருந்து வருகிறது. 2020இல் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் இருபது இந்திய வீரர்கள் இறந்த பிறகு சீனப் பொறியாளர்களுக்கு விசா கிடைப்பது பெரும்பாடானது. இயந்திரம் வந்து இறங்கும், பூட்டித்தர ஆள் வராது. 2024க்குப் பிறகுதான் அந்தக் கெடுபிடி தளர்ந்தது. விற்கும் பக்கமோ அமெரிக்கா. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி வாஷிங்டன் கூடுதலாக 25 சதவீதம் போட, 2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியச் சரக்குக்கு வரி 50 சதவீதம் ஆனது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஏற்றுமதியாளர்கள் ஆர்டரை நினைத்துக் கலங்கினார்கள். இந்த ஆலைகளில் தையலுக்கும் ஒட்டுவதற்கும் உட்காருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். எண்ணெய் யாரிடம் வாங்குவது என்று டெல்லி எடுக்கும் முடிவு, அவர்களின் ஓவர்டைம் கூலியில் வந்து நிற்கும்.