45 மீட்டர் சாலை, 43 படிகள்: கடலோர நெடுஞ்சாலையில் நடைமேம்பாலம் கேட்கும் கேரளம்

புதுதில்லி: மக்களவையில் கூட்டாட்சி, நிதிப் பகிர்வு என்று பெரிய விவகாரங்களைப் பேசும் கேரள எம்.பி.க்கள், கட்சி வேறுபாடின்றி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சரிடம் கொண்டுசெல்லும் கோரிக்கை ஒன்று உண்டு. தங்கள் தொகுதியில் குறிப்பிட்ட ஓர் ஊரில், குறிப்பிட்ட ஒரு சந்திப்பில், மக்கள் சாலையைக் கடக்க ஒரு சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ வேண்டும் என்பதே அது. தேசிய நெடுஞ்சாலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை. ஆனால், அதற்கான முடிவு எடுக்கப்படுவது கடலோரத்தில் அல்ல. தில்லி துவாரகையில் உள்ள தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் தலைமையகத்தில்.

மகாராஷ்டிரத்தின் பன்வேலில் தொடங்கி, கோவா, கர்நாடகம், கேரளம் வழியாக மேற்குக் கடற்கரையை ஒட்டியே வந்து கன்னியாகுமரியில் முடிகிறது தேசிய நெடுஞ்சாலை 66. மொத்த நீளம் 1,600 கிலோ மீட்டருக்கும் மேல். கேரளத்தில் இதை 45 மீட்டர் அகலத்தில் ஆறு வழிச் சாலையாக்கும் பணி நீண்ட இழுபறிக்குப் பின்னரே தொடங்கியது. நெருக்கமாக வீடுகள் உள்ள மாநிலத்துக்கு 30 மீட்டர் போதும் என்று ஒருகாலத்தில் அங்குள்ள கட்சிகளே வாதிட்டன. கடைசியில் 45 மீட்டருக்கு ஒப்புக்கொண்டதோடு, நிலம் கையகப்படுத்தும் செலவில் 25 சதவீதத்தையும் மாநில அரசு ஏற்றது. அதற்காக அது கொடுத்தது ரூ. 5,500 கோடிக்கும் அதிகம். இவ்வளவு கொடுத்தும், எந்த ஊரில் மக்கள் குறுக்கே கடக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மாநிலத்துக்குக் கிடைக்கவில்லை.

ஆலப்புழை மாவட்டத்தின் புறக்காடு, தோட்டப்பள்ளி பகுதியைப் பார்த்தால் பிரச்னையின் தன்மை புரியும். சாலைக்கு மேற்கே சிறிது தொலைவிலேயே கடல். அந்தக் குறுகிய மணல் பட்டையில் மீனவர் குடியிருப்புகள். கிழக்கே வயலும் மற்ற ஊர்களும் ரயில் பாதையும். மீன் விற்கவும், பேருந்து, ரயில் பிடிக்கவும் மேற்கில் இருப்பவர் சாலையைத் தாண்டியாக வேண்டும். இரு வழிச் சாலையாக இருந்தபோது ஒரு நிமிடம் நின்று, கையைக் காட்டிக் கடந்துவிடுவார்கள். ஆறு வழிச் சாலையில் அது நடக்காது.

மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் வாகனம் பத்து வினாடியில் சுமார் 280 மீட்டர் கடந்துவிடும். நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் அதே பத்து வினாடியில் கடப்பது 12 மீட்டர், அதாவது சாலையின் ஒரு பக்கத்தை மட்டும். முதியவருக்கும், கூடை சுமக்கும் பெண்ணுக்கும் அதுவும் முடியாது. 2022-இல் நாடெங்கும் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. ஐந்தில் ஒருவர்.

அப்படியானால் பாலம் கட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். முதல் தடை, கணக்கு. பாதசாரிகளுக்கான வசதிகள் குறித்து இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்துள்ள வழிகாட்டு நெறி, உச்ச நேரத்தில் ஒரு மணியில் கடப்போர் எண்ணிக்கையை, வாகன எண்ணிக்கையின் இருமடிப் பெருக்கத்தால் பெருக்கச் சொல்கிறது. நடுவே தடுப்புள்ள சாலையில் விடை 20 கோடியைத் தாண்டினால் கட்டுப்படுத்தப்பட்ட கடவை தேவை என்பது அளவுகோல். படிப்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால், பயந்து கடக்காமல் நின்றுவிட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். மகளைத் தனியாக அனுப்ப அஞ்சி, தானே சுற்றுவழியில் கொண்டுவிடும் தாய் அந்த இடத்தில் 'கடப்பவர்' அல்லர்.

இரண்டாவது தடை, ஒப்பந்தம். சாலைக்கான விரிவான திட்ட அறிக்கை இறுதியாகி, ஒப்பந்தமும் கையெழுத்தான பிறகு கேட்கப்படும் எந்தப் பாலமும் 'பணி வரம்பு மாற்றம்' ஆகிவிடுகிறது. திட்ட அலுவலகம் பரிந்துரைத்து, மண்டல அலுவலகம் ஆராய்ந்து, துவாரகை ஒப்புதல் தர வேண்டும். ஊர்க்காரர்களுக்கோ, சாலை எப்படி அமையும் என்பதே மண் கொட்டிச் சுவர் எழும்பிய பிறகுதான் தெரிகிறது. கோழிக்கோடு மாவட்டம் திக்கோடியில் சுரங்கப்பாதை கேட்டும், காயங்குளத்தில் தூண்கள் மீது செல்லும் மேம்பாலம் கேட்டும் நடந்த போராட்டங்கள் இந்தத் தாமதமான அறிதலின் விளைவுதான்.

மூன்றாவது தடையைப் பற்றித்தான் அரசியல்வாதிகள் அதிகம் பேசுவதில்லை. பாலம் எங்கே இறங்கும்? பெரிய லாரிகள் செல்ல, பாலத்துக்கு அடியில் குறைந்தது 5.5 மீட்டர் இடைவெளி வேண்டும். மேல்தளத்தின் கனத்தையும் சேர்த்தால் நடப்பவர் ஏற வேண்டியது ஏறத்தாழ 6.5 மீட்டர். படி ஒன்றுக்கு 15 சென்டி மீட்டர் என்றால் 43 படிகள். ஏறிய அளவு இறங்கவும் வேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் அமைய வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு பக்கமும் 78 மீட்டர் நீளம், இடையே நின்று ஓய்வெடுக்கும் தளங்கள் தனி. கையகப்படுத்திய 45 மீட்டரையும் ஆறு வழிகள், இருபுற அணுகுசாலைகள், வடிகால் ஆகியவை எடுத்துக்கொண்டுவிட்டன. எல்லைக் கல்லுக்கு அப்பால் உடனே கடையோ வீடோ நிற்கிறது. படிக்கட்டுக்கே இடம் தேட வேண்டிய நிலையில் சாய்தளத்தை எங்கே வைப்பது? லிஃப்ட் வைக்கலாம். அதற்கு மின் கட்டணம் கட்டுவதும், பழுதானால் சரிசெய்வதும் ஊராட்சியா, ஆணையமா என்பதை முதலிலேயே எழுதி வைத்தாக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. இதைச் சலுகையாகக் கருத முடியாது.

கட்டினால் மட்டும் மக்கள் ஏறிவிடுவார்களா என்பதும் கேள்விதான். பிரிட்டனில் 1965-இல் வெளியான ஆய்வு ஒன்று, தரைவழியைவிடப் பாலவழிக்கு ஒன்றரை மடங்கு நேரம் பிடித்தால் ஏறக்குறைய எவருமே அதைப் பயன்படுத்துவதில்லை என்று கண்டது. மும்பையில் 2008 முதல் பெரும் செலவில் வரிசையாக எழுப்பப்பட்ட ஆகாய நடைபாதைகளில் பல வெறிச்சோடிக் கிடந்ததை அந்த நகரத்தார் அறிவர். ஆகவே, பாலம் வேண்டும் என்று மனு கொடுக்கும் எம்.பி.க்கள், எந்த இடத்தில், எத்தனை படியில், எந்தப் பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது. பெரும்பாலான இடங்களில் மக்கள் முதலில் கேட்பது சுரங்கப்பாதையோ தூண்கள் மீதான சாலையோதான். நடைமேம்பாலம், அவை கிடைக்காதபோது தரப்படும் சமாதானம்.

தூண்கள் மீதான சாலை இயலாத ஒன்றல்ல. 2021 ஜனவரி 28-இல் திறக்கப்பட்ட ஆலப்புழை புறவழிச்சாலையின் 6.8 கிலோ மீட்டரில் சுமார் 3.2 கிலோ மீட்டர், கடற்கரையை ஒட்டி உயரத்திலேயே செல்கிறது. மக்கள் அடியில் நடமாடுகிறார்கள். அதே மாவட்டத்தில் அரூர் - துறவூர் இடையே 12.75 கிலோ மீட்டருக்கு உயர்நிலைச் சாலை திட்டமிடப்பட்டது. மண் கொட்டி உயர்த்துவது செலவு குறைவு என்பதால் மற்ற ஊர்களுக்கு மதில் போன்ற சாலை வாய்த்தது. மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில் 2025 மே 19-இல் அத்தகைய சாலைப் பகுதி சரிந்து விழுந்தபோது, அந்தச் சிக்கனத்தின் விலை நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வரை பேசப்பட்டது. குழுவின் தலைவர் கே.சி. வேணுகோபால், இதே சாலை செல்லும் ஆலப்புழையின் எம்.பி.

நீதிமன்றமும் இதில் நுழைந்துள்ளது. கோவை எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், பாதசாரிகளுக்குத் தடையற்ற நடைபாதை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்கீழ் வரும் உரிமை என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ), 210டி பிரிவுகளின்கீழ் மாநிலங்கள் ஆறு மாதங்களுக்குள் விதிகளை வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

கடலோர கிராமங்களுக்கு இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாலை வடிவமைப்பு பற்றி மாநிலம் விதி வகுக்க அனுமதிக்கும் 210டி பிரிவு, தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளுக்கு மட்டுமே பொருந்தும். தேசிய நெடுஞ்சாலையில் பாதசாரிகள் நுழைவதை ஒழுங்குபடுத்த 138(1ஏ) பிரிவு மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. அதையும் நெடுஞ்சாலை ஆணையத்தைக் கலந்தாலோசித்தே செய்ய வேண்டும்.