சொன்ன விலையும் பெறுமான விலையும்

ஒரு வீட்டுக்கு உரிமையாளர் சொல்லும் விலையும் அந்த வீட்டின் பெறுமானமும் ஒன்றாகவே இருக்கும் என்று எந்த ஊரிலும் எதிர்பார்க்க இயலாது. ஆனால் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் போன்ற பேரூராட்சிகளில் இவ்விரண்டும் வெகுவாக விலகி நிற்பதற்குச் சில தனிக் காரணங்கள் உண்டு. ஒரு தெருவில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே வீடு கைமாறுவதால், அண்மையில் இன்ன விலைக்குப் போனது என்று சுட்டிக்காட்ட ஒப்புமை எளிதில் கிடைப்பதில்லை. வணிகத்தின் பொருட்டும் வேலையின் பொருட்டும் சென்னையிலும் மும்பையிலும் குடியேறிவிட்டவர்களின் பூர்வீக வீடு விற்பனைக்கு வரும்போது, அங்கே அவர்கள் கண்ட மனைவிலையே மனத்தில் அளவுகோலாக நிற்கிறது. வாரிசுகள் நால்வர் என்றால், ஆளுக்கு இவ்வளவாவது வர வேண்டும் என்று கணக்கிட்டு, அதை நான்கால் பெருக்கி விலை சொல்வதும் உண்டு. கிழக்கே குலசேகரன்பட்டினத்தில் விண்வெளி ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டதும், தூத்துக்குடியில் வின்பாஸ்ட் மின்வாகன ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டதும், நாளைய மதிப்பை இன்றைய விலையோடு சேர்த்துக் கேட்கும் துணிவை விற்பவருக்குத் தரக்கூடியவை.

இத்தகைய வீட்டைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: விலையைக் கேட்ட மாத்திரத்தில் வாய்திறவாமல் திரும்பிவிடுகிறார்கள், அல்லது காரணம் ஏதும் காட்டாமல் பாதி விலைக்குக் கேட்டு உரிமையாளரின் மனத்தைப் புண்படுத்திவிடுகிறார்கள். இவ்விரண்டும் தேவையற்றவை. கூடுதல் விலை சொல்வது குற்றமன்று. குறைத்துக் கேட்பதும் அவமதிப்பன்று, கேட்கும் தொகைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கும்வரை.

கண்ணுக்குத் தெரியாத மதிப்புக்கு விலை கேட்கும் கலை இந்தக் கடற்கரைக்குப் புதிதன்று. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கரையேறிய சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டன. எந்தச் சிப்பிக்குள் முத்து இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஆயினும் குளிப்புக்கு முன்பே மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளைத் தேர்ந்த வணிகர்களைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பி எவ்வளவு பெறும் என்று கணிக்கும் முறை இருந்தது. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியின் பெரிய முத்துக்குளிப்புகள் முடிவுக்கு வந்துவிட்டன. மாதிரி பார்த்த பிறகே விலை கேட்க வேண்டும் என்ற அந்த வணிகர்களின் ஒழுங்கு வீட்டுக்கும் பொருந்தும்.

வீட்டின் மதிப்பு இடத்தின் மதிப்பு, கட்டடத்தின் மதிப்பு என இரு கூறுகளைக் கொண்டது. இடத்தைச் சென்ட் கணக்கில் பேசுவது இங்குள்ள வழக்கம். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 435.6 சதுர அடி. இட விலையை அறியப் பலரும் முதலில் பார்ப்பது வழிகாட்டி மதிப்பை, அதாவது முத்திரைத்தீர்வையைக் கணக்கிடுவதற்காகத் தெருவுக்கும் புல எண்ணுக்கும் பதிவுத்துறை நிர்ணயித்துள்ள தொகையை. இது சந்தை விலையைக் காட்டும் கண்ணாடி அன்று: 2017 ஜூனில் அரசு இதனை 33 சதவீதம் குறைத்தபோது, ஊரில் இட விலை அன்றே மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிடவில்லை. ஆகவே அக்கம்பக்கத்துப் புல எண்களுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, அண்மை ஆண்டுகளில் பதிவான கிரயத் தொகைகளைப் பார்ப்பது இன்னும் பயனுள்ளது. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் பழக்கம் இருந்துவந்துள்ளதால், அத்தொகைகளை அடிமட்டமாகக் கொண்டு, அதே தெருவில் விற்றவர்களிடமும் வாங்கியவர்களிடமும் விசாரித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கட்டடத்தைப் பொறுத்தவரை கண்ணும் காதும் நாக்குமே முதற்கருவிகள். மட்டப்பாவின் அடிப்புறத்தை ஒரு கம்பால் தட்டிக்கொண்டே போனால், கெட்டியான இடத்தில் ஒலி இறுகியும், பூச்சு விட்டுப்போன இடத்தில் பொத்தென்றும் கேட்கும். அங்கே காரை உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி செம்பழுப்பாக வெளியே தெரிந்தால், செலவு காத்திருக்கிறது என்று பொருள். உப்புக் கலந்த நீரில் கான்கிரீட் கலக்கப்பட்டிருந்தால் இந்தத் துரு விரைந்து வரும். கிணற்று நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ வாயில் விட்டுப் பார்ப்பதும், ஒரு புட்டியில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுப்பதும் வறட்சி மிகுந்த இந்த வட்டாரத்தில் தவிர்க்கக் கூடாதவை. நல்ல தண்ணீர் உள்ள வீடும் உவர் நீர் உள்ள வீடும் ஒரே விலை பெறமாட்டா.

எடுத்துக்காட்டாக, 5 சென்ட் இடத்தில் 1,000 சதுர அடியில் 25 ஆண்டுகளுக்கு முன் கட்டிய ஒரு வீட்டுக்கு 40 லட்சம் ரூபாய் சொல்லப்படுவதாகக் கொள்ளலாம். சென்ட் 3 லட்சம் என்று விசாரணையில் தெரிந்தால் இடத்தின் மதிப்பு 15 லட்சம். இதே கட்டடத்தை இன்று கட்டச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகும் என்றால் புதுக்கட்டடத்தின் விலை 20 லட்சம். கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டுகள், இறுதியில் எஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்று வைத்துத் தேய்மானம், அதாவது காலத்தால் குறைந்த மதிப்பு, கணக்கிட்டால் அது 7.5 லட்சம், அதைக் கழிக்கக் கட்டடம் 12.5 லட்சம். இரண்டும் சேர்ந்து 27.5 லட்சம், பழுதுபார்ப்புக்கு 2 லட்சம் கழித்தால் 25.5 லட்சம். முதலில் கேட்க வேண்டிய தொகை இது. வீட்டின் இருப்பிடம், நல்ல தண்ணீர், குடும்பத்தின் தேவை ஆகியவற்றைக் கருதி எதுவரை ஏறலாம் என்ற உச்சவரம்பை, பேச்சு தொடங்கும் முன்பே வீட்டில் கூடி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வங்கிக் கடனை நம்பி வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இன்றியமையாதது. 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் என்பதே ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் உச்சம். வங்கியின் மதிப்பீட்டாளர் மேற்கண்ட வீட்டை 27.5 லட்சம் என்று மதிப்பிட்டால் கடன் 24.75 லட்சத்தைத் தாண்டாது. 40 லட்சத்துக்கு வாங்க ஒப்புக்கொண்டவர் எஞ்சிய 15.25 லட்சத்தோடு, 7 சதவீத முத்திரைத்தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமுமாக 3.6 லட்சத்தையும் சேர்த்து 18.85 லட்சத்தைத் தாமே புரட்டியாக வேண்டும். நகையை அடகு வைத்தும் கந்துவட்டிக்கு வாங்கியும் நிரப்பப்படுவது பெரும்பாலும் இந்த இடைவெளிதான்.

ஆவணங்களின் நிலையும் விலையின் ஒரு பகுதியே. மூலப்பத்திரம், பட்டா, புல வரைபடம் ஆகியவற்றோடு, பூர்வீக வீடாயின் எல்லா வாரிசுகளின் கையொப்பமும் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான பங்கு உண்டு. கிறித்தவக் குடும்பங்களிலும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனையும் மகளையும் சமமாகவே நடத்துகிறது. மணமாகி வெளியூரில் வாழும் ஒரு மகளின் கையொப்பம் விடுபட்ட வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது மலிவன்று.

தரகரின் கூலி விலையில் இத்தனை விழுக்காடு என்றே அமைவதால், விலை உயர்வது அவருக்கும் ஆதாயம். எனவே கணக்கை உரிமையாளரிடம் நேரில் விளக்குவதே நன்று. வீட்டைக் குறைகூறத் தேவையில்லை. “அண்ணாச்சி, வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. இடத்துக்குப் பதினஞ்சு, கட்டடத்துக்குப் பன்னெண்டரை, மட்டப்பா ரிப்பேருக்கு ரெண்டு கழிச்சா இருபத்தஞ்சரை வருது. பத்திரமெல்லாம் சரியா இருந்தா ரெண்டு மாசத்துல கிரயம் முடிச்சிருவோம்; வீட்டுல எல்லாரையும் கலந்துட்டுச் சொல்லுங்க” என்று சொல்வதில் தொகையும் காரணமும் கெடுவும் மரியாதையும் ஒருங்கே அமைந்திருக்கின்றன. தொலைவில் வாழும் வாரிசுகளுக்கு விரைவில் முடியும் கிரயமே சில லட்சங்களுக்கு ஈடாக அமைவதுண்டு.

விலை படிந்த பிறகும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு அட்வான்ஸ் கொடுப்பது பாதுகாப்பன்று. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு 2015 ஜூன் முதல் தடை உள்ளதால் பணம் வங்கி வழியாகவே செல்ல வேண்டும். இடைவெளியை நிரப்ப, பத்திரத்தில் ஒரு தொகையும் கையில் ஒரு தொகையுமாகப் பேசும் யோசனைக்கு இடம்கொடுத்தால், கையில் கொடுத்த தொகைக்குச் சான்று இராது. வழக்கு என்று வந்தால் அந்தப் பணம் இருந்ததாகவே காட்ட முடியாது.

விலை குதிராமலும் போகலாம். அப்போது கணக்கிட்ட தாளில் தேதியைக் குறித்து, தொலைபேசி எண்ணோடு உரிமையாளரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு வருவது நல்லது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஒரு மழைக்காலம் கழிந்ததும் மறுபடி பேச்சு வரலாம். அப்போது பேச்சு 40 லட்சத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை, அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம்.