உங்களுக்குத் தெரியுமா? கைதட்டல் உடனே எழும், கூச்சல் தயங்கியே எழும்

சென்னையில் குரோம்பேட்டை வெற்றியிலோ தாம்பரம் எம்.ஆர். திரையரங்கிலோ முதல் நாள் முதல் காட்சியில் பறக்கும் விசில், பாராட்டு. ஐரோப்பியக் கால்பந்து மைதானங்கள் பலவற்றில் அதே விசில் கண்டனம். ஆட்டம் சொதப்பினால் சொந்த அணியைப் பார்த்தே ரசிகர்கள் விசிலடிப்பார்கள். ஆகவே ஒலியை மட்டும் வைத்துக் கூட்டத்தின் மனதைக் கணிக்க முடியாது. அது எப்போது, எப்படித் தொடங்குகிறது என்றுதான் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டீவன் கிளேமன் பொதுமேடைப் பேச்சுகளின் பதிவுகளை ஆராய்ந்து 1993-இல் இதை எழுதினார்: கைதட்டல் பேச்சாளர் முடித்த கையோடு எழுகிறது, எதிர்ப்புக் கூச்சல் பெரும்பாலும் சற்றுத் தாமதித்தே வருகிறது. தன்னந்தனியாகக் கத்தி மாட்டிக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. முதலில் முணுமுணுப்பு, பிறகு பக்கத்து இருக்கையை ஒரு நோட்டம், அதன்பிறகே ‘ஊ’ என்ற நீண்ட ஊளை.

படம் நடுவில் நின்றுபோனால் மறுநொடியே அரங்கம் அலறுகிறதே, அங்கே தயக்கம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் அதே எரிச்சல்தான் என்பது அங்கே கேட்காமலே தெரியும். இருட்டில் கத்துபவரின் முகமும் தெரியாது. எதிரே மனிதர்கள் நிற்கும்போதுதான் தயக்கம் வருகிறது. அந்த இடைவெளியில் கூட்டம் வேறு முடிவும் எடுக்கலாம். 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கம் கிரிக்கெட் டெஸ்டில் இந்தியா பாகிஸ்தானிடம் 12 ரன் வித்தியாசத்தில் தோற்றது. கூச்சலிட எல்லாக் காரணமும் இருந்தும், சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்கள்.