ஏலத்துக்கு வரும் வீடு: வாங்கும் முன் குத்தூசி போட்டுப் பாருங்கள்



காலையில் கடை திறந்து நாளிதழைப் புரட்டினால், வாரத்தில் ஓரிரு நாளாவது வங்கி ஏல அறிவிப்பு கண்ணில் படுகிறது. நமக்குத் தெரிந்த தெரு, நமக்குத் தெரிந்த வீடு, விலையோ சந்தை விலையை விடக் குறைவு. "கையில் இருப்பதைப் போட்டு எடுத்துவிடலாமே" என்று மனம் சொல்லும். நாங்களும் அப்படித்தான் ஒரு வீட்டை எடுத்தோம். அதில் கற்றதையும், அதன் பிறகு கேட்டறிந்ததையும் இங்கே எழுதுகிறோம். வாங்கவே வேண்டாம் என்று சொல்வதற்காக அல்ல, கணக்குப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்வதற்காக.

எங்கள் கணக்கு

விருதுநகரில் பருப்பு, வத்தல் மொத்த வியாபாரம் எங்களுடையது. 2016 ஜனவரியில் வங்கி ஏலத்தில் ஒரு வீட்டை 38 லட்சத்துக்கு எடுத்தோம். அந்தத் தெருவில் அப்போது அதுபோன்ற வீடு 46 லட்சம் போனது. எட்டு லட்சம் லாபம் என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

வீட்டுக்குள் ஆள் இருந்தார்கள். வங்கி கையில் இருந்தது பெயரளவு சுவாதீனம் மட்டுமே. அதாவது வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், சாவி அவர்களிடம் இல்லை. அறிவிப்பில் அந்தச் சொல் இருந்தது. நாங்கள்தான் விலையைப் படித்தோமே தவிர அதைப் படிக்கவில்லை. சாவி கைக்கு வர 14 மாதம் ஆயிற்று. வழக்குச் செலவும் வரி, மின்கட்டண பாக்கியும் 1 லட்சத்து 40 ஆயிரம். மராமத்து 2 லட்சத்து 60 ஆயிரம். மண்டி முதலில் இருந்து எடுத்துக் கட்டிய 28 லட்சத்து 50 ஆயிரத்துக்கு 12 சதவீத வட்டி போட்டால் ஏறக்குறைய 4 லட்சம். கூட்டிப் பாருங்கள், 46 லட்சம். பத்திரப் பதிவுச் செலவு இதில் சேரவில்லை. மாசி, பங்குனியில் புது வத்தல் வரத்து இருக்கும்போது கையில் பணமில்லாமல் இரண்டு பருவம் வேடிக்கை பார்த்ததும் சேரவில்லை.

எங்கே தேடுவது?

கடனைக் கட்டாதவரின் ஈட்டுச் சொத்தை, நீதிமன்றம் போகாமலே கையகப்படுத்தி விற்க வங்கிகளுக்கு அதிகாரம் தருவது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். இதன்படி கையகப்படுத்தும் அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். பொது ஏல அறிவிப்பும் நாளிதழ்களில் வருகிறது. ஆகவே நாளிதழே முதல் வழி. பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை ஒரே இடத்தில் பார்க்க 2025 ஜனவரியில் 'பேங்க்நெட்' என்ற இணையதளம் தொடங்கப்பட்டது. ஊர் பெயரைக் கொடுத்தால் பட்டியல் வரும். தனியார் வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் தத்தம் இணையதளத்தில் வெளியிடுகின்றன. பிடித்த சொத்து இருந்தால் அறிவிப்பில் உள்ள அதிகாரியைத் தொடர்பு கொண்டு, வீட்டை நேரில் பார்க்க நாள் கேளுங்கள்.

பணம் கட்டும் கெடு

ஏலத்தில் சேர முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். பெரும்பாலும் குறைந்தபட்ச விலையில் 10 சதவீதம். ஏலம் நம் பெயரில் முடிந்தால், அன்றோ மறு வேலை நாளிலோ மொத்த விலையில் 25 சதவீதம் கட்டி முடிக்க வேண்டும். முன்வைப்புத் தொகையும் இதில் அடங்கும். மீதி 75 சதவீதத்தை, விற்பனை உறுதி செய்யப்பட்ட 15-ஆம் நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் கெடு நீளும், அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் போகாது.

தவறினால் கட்டிய பணம் போயிற்று. 25 சதவீதத்தையும் வங்கி எடுத்துக்கொண்டது சரியே என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. "சரக்கு விற்றதும் தருகிறேன்" என்ற நம் கடைவீதி வழக்கம் இங்கே செல்லாது. வீட்டுக்கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால், ஏலத்துக்குப் போகும் முன்பே கடன் தரும் வங்கியில் பேசி முடித்துவிடுங்கள்.

குத்தூசி போட வேண்டிய இடங்கள்

அரிசி மூட்டை எடுத்தால் மேல் அரிசியை மட்டும் பார்த்து விலை பேச மாட்டோம். குத்தூசி போட்டு அடி அரிசியையும் பார்ப்போம். ஏல வீட்டுக்கும் அப்படித்தான்.

ஒன்று, சுவாதீனம். சாவி வங்கியிடம் இருக்கிறதா, பெயரளவு சுவாதீனம்தானா? பெயரளவு என்றால், வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை மாஜிஸ்திரேட்டிடமோ மனுப் போட்டுத்தான் உள்ளே இருப்பவர்களை வெளியேற்ற வேண்டும். சட்டம் 30 நாள், மிஞ்சினால் 60 நாள் என்கிறது. நடைமுறையில் மாதங்கள் ஓடுகின்றன. வாடகைக்கு ஆள் இருந்தால், எப்போது வந்தார், என்ன ஒப்பந்தம் என்றும் விசாரியுங்கள்.

இரண்டு, வழக்கு. கடன் வாங்கியவர் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். நம் மாநிலத்தில் சென்னை, கோவை, மதுரையில் இந்தத் தீர்ப்பாயம் உண்டு. வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று வங்கியிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மூன்று, பத்திரம். 30 ஆண்டு வில்லங்கம், மூலப்பத்திரம், பட்டா ஆகியவற்றை நம் வக்கீலே பார்க்கட்டும். வங்கி வக்கீல் பார்த்தது வங்கிக்காக.

நான்கு, பாக்கி. 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்றுதான் வங்கி விற்கிறது. சொத்து வரி, தண்ணீர் வரி, மின்கட்டணம், அடுக்குமாடி என்றால் பராமரிப்புக் கட்டணம் எல்லாம் நம் தலையில் விழலாம். முந்தைய உரிமையாளர் வைத்த மின்கட்டண பாக்கியை, விதிமுறையில் இடமிருந்தால், ஏலம் எடுத்தவரிடமே கேட்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஐந்து, பதிவுச் செலவு. வங்கி தரும் விற்பனைச் சான்றுக்கு எவ்வளவு ஆகும் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒரு சதவீத வருமான வரிப் பிடித்தமும் உண்டு.

இவ்வளவையும் எழுதிக் கூட்டி, "இதற்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கேட்க மாட்டோம்" என்று ஒரு தொகையை முடிவு செய்த பிறகே ஏலத்தில் அமருங்கள். கடைசி நிமிடத்தில் ஒருவர் விலை ஏற்றினால் நேரமும் நீளும், நமக்கு வீம்பும் ஏறும். வீம்புக்கு வாங்கிய சரக்கு எந்தக் காலத்திலும் லாபம் தந்ததில்லை.

சாவி கொடுத்தவர்

14 மாதம் கழித்து எங்கள் கையில் சாவி கொடுத்தவர் நம்மைப் போன்ற ஒரு மளிகைக் கடைக்காரர். கடைச் சரக்குக்கு வாங்கிய ஓவர்டிராஃப்ட் கடனுக்குக் குடியிருந்த வீட்டை ஈடு வைத்தவர். "முதல் நோட்டீஸ் வந்தபோதே பிரித்துப் படித்திருக்க வேண்டும் அண்ணாச்சி" என்றார். அதைக் கேட்ட பிறகு அந்த வீட்டை மலிவாக வாங்கிய மகிழ்ச்சி எங்களுக்கு இருக்கவில்லை.

ஆகவே மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. பிறகு வரும் நோட்டீஸில் 60 நாள் அவகாசம் உண்டு. அதற்கு நாம் ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏல அறிவிப்பு வெளியாகும் முன் முழு பாக்கியைக் கட்டினால் வீட்டை மீட்கலாம். வெளியான பின் அந்த உரிமை இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஏலத்தொகை கடனுக்கும் செலவுக்கும் போக மிஞ்சினால், அது கடன் வாங்கியவருக்குச் சேர வேண்டும். கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

ஏல வீடு வாங்குவதில் தவறில்லை. மண்டியில் சுழலும் முதலை அதில் முடக்காமல், மூன்று ஆண்டு அசையாமல் கிடந்தாலும் பரவாயில்லை என்ற பணத்தில் வாங்குங்கள். நம் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தால், அங்கிருந்து வரும் தபாலை அன்றன்றே பிரித்துப் படியுங்கள்.