சில்லு சிறுத்தால் மீற்றர் கூடும்

காணி பார்க்க, கிணறு இறைக்க, வளவு துப்புரவாக்க என்று நாலு குடும்பம் சேர்ந்து ஒரு காரையோ வானையோ வாடகைக்குப் பிடிப்பது இடம்பெயர்ந்த எம்மவர்க்குப் பழகிப்போன காரியம். புறப்படும்போது மீற்றர் இலக்கத்தைக் குறித்துக்கொள்வோம். திரும்பியதும் மறுபடி பார்த்து, கழித்து, கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று கணக்கை முடிப்போம். மீற்றர் பிழைக்காது என்பது எமது நம்பிக்கை. பெரும்பாலும் சாரதியின் நம்பிக்கையும் அதுவே.

மீற்றருக்கு வீதி தெரியாது. சில்லு எத்தனை தரம் சுழன்றது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பழைய வாகனங்களில் கியர்பெட்டியிலிருந்து வரும் கேபிளும், புதியவற்றில் மின் உணரியும் அந்தச் சுற்றுக்களை எண்ணுகின்றன. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்பதை வாகனம் செய்தவர்கள் முன்கூட்டியே கணித்து வைத்துவிட்டார்கள். அந்தக் கணிப்பு அவர்கள் பொருத்திய ரயருக்கு உரியது. நெல் அளக்கும் கொத்தை நினைத்துப் பாருங்கள். கொத்து சிறுத்தால் அதே குவியலில் எண்ணிக்கை கூடும். சில்லும் அப்படித்தான்.

ரயரின் பக்கத்தில் 175/70 ஆர் 13 என்று எழுதியிருக்கும். 175 என்பது அகலம், மில்லிமீற்றரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. 13 என்பது றிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். கணக்குப் பார்த்தால் இந்த ரயரின் முழுக் குறுக்களவு ஏறத்தாழ 575 மில்லிமீற்றர். சரியான அளவு கிடைக்கவில்லை, அல்லது மலிவாகக் கிடைத்தது என்று 155/70 ஆர் 13 போட்டால் குறுக்களவு 547 ஆகிவிடும். நூற்றுக்கு ஐந்து குறைவு. போய்வர 160 கிலோமீற்றர் ஓடினால் மீற்றர் 168 காட்டும்.

தேய்மானமும் இதோடு சேரும். புதுக் கார் ரயரின் பூவின் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர். அது ஒன்றரை மில்லிமீற்றர் வரை தேய்ந்தால் குறுக்களவு 13 மில்லிமீற்றர் குறையும். அந்தச் சிறிய ரயரே இப்படித் தேய்ந்திருந்தால் அதே 160 கிலோமீற்றர் மீற்றரில் 172 ஆகும். ஓடாத 12 கிலோமீற்றருக்கு நாலு குடும்பமும் காசு கொடுக்கும்.

பெரிய ரயர் போட்டால் நட்டம் சாரதிக்கு, ஆபத்து எல்லோருக்கும். 175/70 ஆர் 13 இருந்த இடத்தில் 185/70 ஆர் 14 ஏற்றிய காரில் முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 64 வரை இருக்கலாம். பிள்ளைகளையும் மூட்டைகளையும் ஏற்றிய வண்டிக்கு அந்த நாலு சிறிதல்ல. பொலிசார் பிடித்தால் "முள் சரியாகத்தான் நின்றது" என்ற பதில் எடுபடாது.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். வேகம் காட்டும் முள்ளும் தூரம் காட்டும் இலக்கமும் ஒரே சுழற்சியில் ஓடினாலும் இரண்டும் வேறு. முள் உண்மை வேகத்திலும் குறைத்துக் காட்டக்கூடாது என்பது பல நாடுகள் ஏற்றுள்ள ஐ.நா. வாகன விதி, சற்றுக் கூட்டிக் காட்டலாம். ஆகவே முள் கூடக் காட்டுவதை வைத்துத் தூரமும் பிழை என்று சாரதியோடு சண்டைக்குப் போகக்கூடாது.

தூரத்தைச் சோதிக்க வீதியோரக் கிலோமீற்றர் கற்களே போதும். ஒரு கல்லில் குறித்து, பத்துக் கல் கடந்ததும் மீண்டும் பாருங்கள். 10.5 காட்டினால் நூற்றுக்கு ஐந்து கூடுதல். அன்றைய மொத்தத்தை 1.05 ஆல் பிரித்தால் உண்மைத் தூரம் வரும். கற்கள் அழிந்துபோன வீதியென்றால் கைத்தொலைபேசியின் வரைபடம் உதவும். மீற்றரின் கடைசி இலக்கம் வேறு நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் பத்திலொரு பங்கு என்பதையும் கவனியுங்கள். பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் சிலவற்றில் மீற்றர் மைலில் ஓடும். ஒரு மைல் 1.6 கிலோமீற்றர். அங்கே கிலோமீற்றர் விலை பேசினால் நட்டப்படுபவர் கார்க்காரர்.

உழவுக்கு மணிக்கணக்கில் பிடிக்கும் டிராக்டருக்கு இந்தச் சில்லுக் கணக்கு இல்லை. அதன் மணி மீற்றர் எஞ்சினைப் பார்த்து ஓடுவது; ரயர் எதுவானாலும் அதற்கு ஒன்றுதான்.