தொகுதியில் ஜெயித்தும் எம்.பி. ஆகாதவர்கள்

2025 பிப்ரவரி 23 அன்று நடந்த ஜெர்மனி நாடாளுமன்றத் தேர்தலில் 23 பேர் தங்கள் தொகுதியில் முதலிடம் பிடித்தும் எம்.பி. ஆகவில்லை. முறைகேடு இல்லை, மறு எண்ணிக்கை இல்லை. சட்டமே அப்படித்தான் இருக்கிறது.

வாக்குச்சீட்டைப் பார்த்தால் விஷயம் பிடிபடும். இடது பக்கம் கறுப்பு மையில் தொகுதி வேட்பாளர்கள், வலது பக்கம் நீல மையில் கட்சிகள். இரண்டு பக்கமும் தலா ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். வேட்பாளர் ஒரு கட்சி, நீலப் பக்கத்தில் வேறு கட்சி என்று பிரித்துப் போட்டாலும் செல்லும்.

நீலப் பக்கத்துக்கு ‘இரண்டாவது வாக்கு’ என்று பெயர். ஆட்சியைத் தீர்மானிப்பதோ அதுதான். எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பது முழுக்க அந்த வாக்கு விகிதப்படிதான். மொத்தத் தொகுதிகள் 299; அவையில் 630 இடங்கள். தொகுதியில் வென்றவர்கள் போக மீதி இடங்களைக் கட்சிகள் மாநிலவாரியாகக் கொடுத்த பட்டியலிலிருந்து நிரப்புவார்கள்.

ஒரு மாநிலத்தில் ஒரு கட்சிக்கு நீல வாக்குப்படி கிடைக்கும் இடங்களைவிட அது வென்ற தொகுதிகள் அதிகமாக இருந்தால்? முன்பெல்லாம் கூடுதல் நாற்காலி போட்டார்கள். மற்ற கட்சிகளுக்கும் ஈடாகக் கொடுக்க வேண்டியிருந்ததால் 2021இல் அவை 736 பேராக வீங்கியது. 2023இல் சட்டத்தைத் திருத்தி 630க்கு மேல் கிடையாது என்றார்கள். இப்போது மிகுதியாக வென்றவர்களில் யார் குறைந்த சதவீதத்தில் ஜெயித்தாரோ அவர் முதலில் வெளியே. அந்த 23 பேரில் 15 பேர் முதலிடம் பிடித்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் ஆட்கள்தான். ட்யூபிங்கன் தொகுதியில் வென்றவருக்கும் இடமில்லை, பட்டியல் வழியாகவும் அங்கிருந்து யாரும் போகவில்லை. கணக்கு நியாயமானதுதான், ஆனால் அந்த ஊர் வாக்காளரிடம் போய் இதை விளக்கச் சொன்னால் நான் மாட்டேன்.

அடுத்தது 5 சதவீதத் தடை. நீல வாக்கில் அதைத் தாண்டாத கட்சிக்கு அவையில் இடமில்லை. மூன்று தொகுதிகளில் வென்ற கட்சிக்கு விலக்கு உண்டு. டேனிஷ் சிறுபான்மையினரின் கட்சிக்கும் உண்டு, அதற்கு ஓர் இடம் கிடைத்தது. சாரா வாகன்க்னெக்ட் தொடங்கிய புதுக் கட்சி 4.98 சதவீதத்தில் நின்றுவிட்டது. தடையைத் தாண்ட இன்னும் பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகள்தான் தேவைப்பட்டன. இப்படிக் கழிந்த வாக்குகளால் உள்ளே வந்தவர்களின் பங்கு பெருத்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் அதன் பவேரிய சகோதரக் கட்சியும் 28.5 சதவீத வாக்கில் 208 இடங்கள் பெற்றது, அதாவது மூன்றில் ஒரு பங்கு, இதனால்தான்.

ஆட்சிக்கு 316 வேண்டும். 152 இடங்களோடு இரண்டாவதாக வந்த தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி.யோடு கூட்டு வைக்க யாரும் தயாரில்லை. மிச்சமிருந்த வழி, தோற்றுப்போன பிரதமர் ஓலாஃப் ஷோல்ஸின் சமூக ஜனநாயகக் கட்சி. 208ம் 120ம் சேர்ந்து 328. வாகன்க்னெக்ட் கட்சி மட்டும் உள்ளே வந்திருந்தால் இந்தக் கூட்டுக்குப் பெரும்பான்மையே இருந்திருக்காது. மூன்றாவது கட்சியின் வாசலில் நின்றிருக்க வேண்டும்.

அந்த 328ம் கெட்டியாக நிற்கவில்லை. மே 6 அன்று கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவர் ஃப்ரீட்ரிஷ் மெர்ஸைப் பிரதமராகத் தேர்ந்தெடுக்க ரகசிய வாக்கெடுப்பு நடந்தபோது விழுந்தவை 310. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் பிரதமராக வரவிருந்த ஒருவர் முதல் சுற்றில் தோற்றது அதுவே முதல் தடவை. காலை வாரியவர்கள் யாரென்று வெளியே தெரியவில்லை. அன்றே மறுபடி வாக்கெடுக்க அவை விதியைத் தளர்த்த வேண்டும், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. எதிர்வரிசையில் இருந்த பசுமைக் கட்சியும் இடதுசாரிக் கட்சியும் அதற்குச் சம்மதித்தன. பிற்பகலில் 325 வாக்குகள் கிடைத்தன. மெர்ஸ் அன்றே பதவியேற்றார்.